14 மாத ஷிட்சூ நாய்: உறுமல், சோபா காலில் ஒண்ணுக்கு, காலிங்பெல் குரைப்பு. எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: சாம்பல்வால்

வணக்கம். ஷிட்சூ, ஆண், 14 மாதம், எடை 5.2 கிலோ. கருத்தடை செய்யவில்லை. தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் தவறாமல் போட்டாகிறது. அடுக்குமாடி வீடு. பெரியவர்கள் இருவர், ஒன்பது வயதுப் பையன் ஒருவன். காலை, மாலை தலா 15 நிமிடம் நடை.

பிரச்சினைகள் இவை:

1. பேடில் (வீட்டுக்குள் சிறுநீர் போக விரிக்கும் உறிஞ்சு விரிப்பு) போகத் தெரியும். ஆனாலும் நாளுக்கு ஒரு முறையாவது பேடின் ஓரத்துக்கு வெளியே போகிறது. சோபா காலில் காலைத் தூக்கிக் கொஞ்சம் விடுகிறது.

2. மடியில் படுத்திருக்கும்போது பையன் பக்கத்தில் வந்தால் உறுமுகிறது. இதுவரை கடித்ததில்லை.

3. காலிங்பெல் அடித்தால் ஐந்து நிமிடம் நிற்காமல் குரைப்பு. வந்தவர் உட்கார்ந்த பிறகும் தொடர்கிறது.

4. இரண்டு மாதமாக, தூக்கப் போனால் பல்லைக் காட்டுகிறது. முன்பு இப்படி இல்லை.

5. தனியாக விட்டுப் போனால் கதவைப் பிராண்டுகிறது, ஊளையிடுகிறது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

வீட்டில் ஒருவர் அதட்டுவார், ஒருவர் "சின்னதுதானே" என்று கொஞ்சுவார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்கலாமா, ஒவ்வொன்றாகப் போகவேண்டுமா?


பதில்: மெதுநடை

நான்காவதாக எழுதியிருப்பதை முதலில் எடுங்கள். ஒரு வருடம் நன்றாகத் தூக்கவிட்ட நாய் திடீரென்று பல்லைக் காட்டுகிறது என்றால், குணம் கெட்டுவிட்டது என்று நினைப்பதற்கு முன் எங்காவது வலிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சின்ன இனங்களுக்கு வரும் வலிகளில் பல வெளியே தெரிவதில்லை. நடக்கும்போது பின்னங்காலைத் தூக்கி இரண்டு மூன்று அடி நொண்டிக் குதித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி நடந்தால் முழங்கால் சில்லு விலகுகிறது என்று சந்தேகிக்கலாம். ஷிட்சூ, பெக்கினீஸ், டாக்ஸ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களுக்கு முதுகெலும்பு வட்டுப் பிரச்சினை சீக்கிரம் வரும். தூக்கும்போது முதுகு வளைவதுதான் அவற்றுக்குப் பெரிய வேதனை. காது உள்ளே புண், ஈறு வீக்கம், குதச் சுரப்பி அடைப்பு, அக்குளில் சிக்குப் பிடித்த முடி என்று பட்டியல் நீளும். கடைசியில் சொன்ன சிக்கு முடியை இப்போதே கைவிட்டுப் பாருங்கள். அக்குளில் ஒரு கோலிக்குண்டு அளவு சிக்கு இருந்தால் போதும், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் தோல் சுண்டி இழுக்கும்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு காணொளி எடுத்துக்கொண்டு போங்கள்: தரையில் நேராக நடப்பது ஒன்று, தூக்கக் கை நீட்டும்போது அது செய்வது ஒன்று. பயத்தில் விறைத்து நிற்கும் நாய் மருத்துவரின் மேசைமேல் நொண்டிக் காட்டாது. கூடவே காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடித்துக் கொண்டுபோனால், முதல் பிரச்சினைக்குக் காரணம் தொற்றா, கல்லா என்பதும் ஒரே நடையில் தெரிந்துவிடும்.

வலி இல்லை என்று உறுதியானால், அல்லது சிகிச்சை முடிந்த பிறகு, தூக்கும் முறையை அடியிலிருந்து மாற்றுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கிற உயிருக்கு, தலைக்கு மேலிருந்து இரண்டு பெரிய கைகள் இறங்குவது எப்படி இருக்கும்? அதிலும் ஷிட்சூவுக்குக் கண்ணை முடி மறைக்கும்; கை வருவதே தெரியாது. முதல் வேலையாகக் கண்ணுக்கு மேலே உள்ள முடியைக் கத்தரித்து விடுங்கள், அல்லது தளர்வாக முடிச்சுப் போடுங்கள்.

பிறகு இப்படி: அதன் பக்கவாட்டில் உட்காருங்கள், நேர் எதிரே வேண்டாம். "தூக்கட்டுமா" என்று ஒரே சொல்லை ஒரே தொனியில் சொல்லி, ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் ஒரு விநாடி வைத்து எடுத்துவிட்டு ஒரு தீனித் துண்டு கொடுங்கள். ஐந்து முறை, அவ்வளவுதான், முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டத்தில் மற்றொரு கை பின்புறத்துக்கு அடியில். அதற்கடுத்தது எடையைக் கையில் ஏந்துவது, ஆனால் கால் தரையிலேயே இருக்கட்டும். பிறகு இரண்டு விரற்கடை உயரம். பிறகு நெஞ்சோடு அணைத்து மூன்று விநாடி. இறக்கும்போது நான்கு காலும் தரையில் ஊன்றிய பிறகே கையை எடுக்கவேண்டும். கடைசி ஒரு சாணில் நழுவவிடுவதுதான் பலர் செய்யும் தவறு, நாய் அதை மறப்பதில்லை. அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைப் போலத் தூக்குவதை மொத்தமாக விடுங்கள்.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்குப் போகலாமா என்பதை நாட்கணக்கு சொல்லாது, நாய் சொல்லும். அந்தச் சொல்லைக் கேட்டதும் உங்கள் பக்கம் ஓர் அடி வந்தால் போகலாம். முகத்தைத் திருப்பினால், மூக்கை நக்கினால், முந்தைய கட்டத்துக்கே திரும்புங்கள். இந்த நாட்களில் அவசியமில்லாமல் தூக்காதீர்கள். சோபாவுக்குச் சாய்வுப் பலகையோ இரண்டு படியோ வைத்தால் அதுவே ஏறி இறங்கும், முழங்காலுக்கும் நல்லது.


பதில்: கிணற்றடி

டாய்லெட் விஷயத்துக்கு வரேன். நீங்க சொல்றது ஒண்ணு இல்ல, ரெண்டு தனித்தனிப் பிரச்சினை. ரெண்டையும் குழப்பிக்கிட்டா ஒண்ணும் தீராது.

பேட் ஓரத்துல போறது பெரும்பாலும் அளவுப் பிரச்சினை. நாயைப் பொறுத்தவரைக்கும் முன்னங்கால் பேடுல இருந்தா தான் பேடுல இருக்கோம்னு கணக்கு. பின்பக்கம் வெளிய தொங்குறது அதுக்குத் தெரியாது. 60 × 45 சென்டிமீட்டர் பேட் போட்டிருந்தா 60 × 90 அளவுக்கு மாறுங்க, இல்ல ரெண்டு பேடை ஒண்ணுமேல ஒண்ணு கொஞ்சம் ஏத்தி விரிங்க. மூணு பக்கம் விளிம்பு வச்ச தட்டுல வச்சா ஒரு பக்கமாதான் உள்ள நுழைய முடியும், பின்பக்கமும் தானா உள்ள வந்துடும். ஈரமான பேடை அப்படியே விட்டாலும் ஓரத்துக்குத்தான் போகும். கால் நனையறது அதுகளுக்குப் பிடிக்காது.

சோபா கால் வேற கதை. காலைத் தூக்கி நாலஞ்சு சொட்டு விடுறது வாசனை அடையாளம் வைக்கிறது. இந்த வயசுல, கருத்தடை ஆகாத ஆண்ல, எதிர்பார்க்க வேண்டியதுதான். அதுக்கு நட்டமா நிக்கிற ஒரு பொருள் வேணும். தட்டையா கிடக்குற பேடுல எப்படிக் காலைத் தூக்கும்? ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி நிரப்பி, அதைச் சுத்தி ஒரு பேடைக் கட்டி, விரிச்ச பேடுக்கு நடுவுல நிறுத்துங்க. நிறைய ஆண் நாய்ங்க ரெண்டே நாள்ல அதுக்கு மாறிடும்.

அடுத்தது சுத்தம் பண்றது. இதுலதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறாங்க. தரை பளபளன்னு இருந்தா போதாது, நாய் மூக்குக்கு வாசனை போகணும். முதல்ல துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. அப்புறம் நொதி (என்சைம்) கலந்த, செல்லப்பிராணி சிறுநீருக்குன்னே விக்கிற திரவத்தை ஊத்தி, லேபிள்ல சொல்லியிருக்குற நேரம் ஈரமாவே விடுங்க. சோபா கால்னா மரத்துக்கு அடிப்பக்கமும் ஊறணும், ஏன்னா கீழ வடிஞ்சது அங்கதான் நிக்கும். அமோனியா கலந்த கிளீனர் வேணாம். சிறுநீர்லயும் அமோனியா வாசனைதானே, "இங்கதான் போகணும்"னு நாமளே எழுதி வச்ச மாதிரி ஆயிடும். பிளீச்சும் வேணாம், சிறுநீரோட சேர்ந்தா நெஞ்சைக் கமறுற வாயு கிளம்பும். ராத்திரி விளக்கெல்லாம் அணைச்சிட்டு ஒரு புற ஊதா டார்ச்சை அடிச்சுப் பாருங்க. காய்ஞ்சுபோன இடமெல்லாம் வெளிறின மஞ்சளா மின்னும். சின்ன நாய் விடுறது ஒரு ஸ்பூன் அளவு, கண்ணுக்கே படாம மாசக்கணக்கா ஒரு மூலை நாறிக்கிட்டு இருக்கும். நீங்க ஒரு இடம்னு நினைச்சிருப்பீங்க, டார்ச் அடிச்சா ஏழு இடம் தெரியும்.

இதுக்கப்புறம் 14 நாள் புதுக்குட்டி மாதிரி நடத்துங்க. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 15, 20 நிமிஷத்துல, விளையாடி முடிச்சதும், படுக்குறதுக்கு முன்னாடி, மத்த நேரத்துல மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பேடுக்குக் கூட்டிட்டுப் போங்க. அஞ்சு நிமிஷம் பேசாம நில்லுங்க. போச்சுன்னா அங்கயே, ரெண்டு விநாடிக்குள்ள தீனி. சமையலறைக்குப் போய் எடுத்துட்டு வந்து கொடுத்தா அது சமையலறைக்கு ஓடி வந்ததுக்கான கூலி ஆயிடும். போகலன்னா பத்து நிமிஷம் கண் பார்வையிலயே வச்சுக்கிட்டு மறுபடி கூட்டிப் போங்க. பார்க்க முடியாத நேரம் வேலி போட்ட சின்ன இடத்துல இருக்கட்டும். ஒரு தாள்ல நேரத்தையும் இடத்தையும் குறிங்க. நாலாவது நாளே எந்த மணிக்குத் தப்பு நடக்குதுன்னு தெரிஞ்சுடும். 14 நாள் ஒரு தப்பும் இல்லன்னா ஒரு அறை கூடுதலா திறந்து விடுங்க. ஒரு வாரத்துக்கு ஒரு அறைதான், ஆசைப்பட்டு மொத்த வீட்டையும் திறந்துடாதீங்க.

தப்பா போனதைக் கையும் களவுமா பிடிச்சாக்கூட அதட்டாதீங்க, மூக்கைக் கொண்டுபோய்த் தேய்க்கிறதெல்லாம் வேணவே வேணாம். அதுக்குப் புரியறது "இவங்க கண்ணு முன்னாடி போகக்கூடாது"ன்னு மட்டும்தான். அப்புறம் நீங்க பக்கத்துல நின்னா பேடுலகூடப் போகாது, கட்டிலுக்கு அடியில போகும்.


பதில்: வெள்ளைப்பாதம்

உறுமலைப் பற்றி விரிவாக எழுதவேண்டும், ஏனென்றால் குழந்தை இருக்கும் வீடு.

உறுமியதற்காகத் திட்டாதீர்கள். உறுமல் என்பது நாய் பேசும் கடைசி நாகரிகமான சொல். அதைத் திட்டி அடக்கினால் பயமும் எரிச்சலும் உள்ளேயே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை சத்தமில்லாமல் பல் விழும்.

மடியில் சுருண்டிருக்கும்போது பையன் அருகே வருகிறான் என்று வையுங்கள். உறுமல் வெளியே வருவதற்குமுன் இரண்டு மூன்று விநாடிக்குள் இத்தனையும் நடக்கும்: இளைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடும். தலை அசையாது, கண் மட்டும் பையன் பக்கம் திரும்பும். ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரியும். நாக்கு ஒரு தடவை மூக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போகும். விலாவில் இருக்கும் உங்கள் உள்ளங்கைக்கு அதன் உடம்பு கட்டையாவது தெரியும். ஷிட்சூவின் முகமுடிக்குள் பாதி அடையாளம் மறைந்துவிடும் என்பதால் இங்கே கண்ணைவிடக் கையை நம்பலாம். கட்டையாகிற அந்த நொடியில்தான் நீங்கள் வேலை செய்யவேண்டும், உறுமிய பிறகு அல்ல.

முதலில் "இறங்கு" பழக்குங்கள், பையன் பக்கத்தில் இல்லாத நேரத்தில். சோபாவிலிருந்து ஒரு துண்டைத் தரையில் போட்டு "இறங்கு" என்று சொல்லுங்கள். நாலு காலும் தரையில் பட்டதும் இன்னொரு துண்டு. பிறகு "ஏறு" என்று சொல்லி மறுபடி மேலே அழையுங்கள். பத்து முறை. மூன்றாம் நாள் முதல் துண்டு இல்லாமல் கையசைப்பு மட்டும், இறங்கிய பிறகு தீனி. இறங்கினால் மடி பறிபோகாது, திரும்பக் கிடைக்கும் என்று அதற்கு உறைக்கவேண்டும். பாதி உறுமல் இந்த நம்பிக்கை இல்லாததால் வருவது.

அடுத்து பையன். அவன் அறைக்கு மறுகோடியில், குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி, தோன்றுகிறான். அவன் தலை தெரிந்ததும் நாய்க்குத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்கின்றன. அவன் போனதும் தீனி நிற்கிறது. வேறொன்றும் இல்லை, பேச்சும் வேண்டாம். நாலைந்து தடவைக்குப் பிறகு, அவனைப் பார்த்ததும் நாய் உங்கள் கையைப் பார்த்தால் அரை மீட்டர் கிட்டே வரலாம். உடம்பு இறுகினால் அன்றைக்கு அந்தத் தூரம் அதிகம் என்று பொருள். கடைசியில் பையனே தரையில் துண்டுகளைப் போட்டுவிட்டுப் போகட்டும். கையிலிருந்து ஊட்டுவது பிறகு. மடியில் இருக்கும் நாயை அவன் தடவக்கூடாது, முகத்தருகே குனியக்கூடாது, வாயிலிருந்து எதையும் பிடுங்கக்கூடாது. பெரியவர் இல்லாமல் இருவரையும் ஒரே அறையில் விடவும் கூடாது.

அதட்டுபவர் ஒருவர், கொஞ்சுபவர் ஒருவர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஐந்து பிரச்சினையின் வேரும் அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 2010-ல் வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தினர் 1,276 நாய் வளர்ப்போரிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 20 கிலோவுக்குக் குறைந்த நாய்களை அவற்றின் சொந்தக்காரர்களே சொல்பேச்சுக் குறைவு, உறுமல், பரபரப்பு, பயம் எல்லாவற்றிலும் பெரிய நாய்களுக்கு மேலே மதிப்பிட்டார்கள். அதே சொந்தக்காரர்கள் நாயிடம் ஒரே மாதிரி நடந்துகொள்வதிலும், சேர்ந்து விளையாடுவதிலும், பழக்குவதிலும் பின்தங்கியிருந்தார்கள். அடிக்கடி தண்டிக்கப்பட்ட சின்ன நாய்களிடம் பயம் கூடுதலாக இருந்தது. லாப்ரடார் ஒன்று மடியில் உறுமினால் அன்றைக்கே பயிற்சியாளரைத் தேடுவோம். ஐந்து கிலோ நாய் உறுமினால் "சின்னதுதானே" என்று சிரித்துக் காணொளி எடுக்கிறோம். நாய்க்குத் தான் சின்னது என்று தெரியாது, ஆனால் தன் பேச்சை யாரும் கேட்பதில்லை என்று தெரியும்.

ஆகவே குளிர்பதனப்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். ஏறு, இறங்கு, இரு, வா, தூக்கட்டுமா: ஐந்து சொல், ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள், மூன்று பேரும் அதே சொல். ஒருவர் "கீழ போ" என்றும் இன்னொருவர் "இறங்குடா செல்லம்" என்றும் சொன்னால் அதன் காதில் இரண்டும் வெறும் சத்தம்.


சாம்பல்வால்:

மிக்க நன்றி. அக்குளில் சிக்கு இருக்கிறது, இரண்டு பக்கமும். மருத்துவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். இரண்டு சந்தேகம். உறுமியதும் பையன் பின்வாங்கினால், உறுமினால் காரியம் நடக்கும் என்று கற்றுக்கொள்ளாதா? கருத்தடை செய்தால் இவற்றில் எது குறையும்?


பதில்: வெள்ளைப்பாதம்

கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டால் தவறில்லை. உறுமினால் போதும், கடிக்கத் தேவையில்லை என்று அறிந்த நாய்தான் குழந்தை உள்ள வீட்டுக்குப் பாதுகாப்பானது. உறுமல் வந்துவிட்டால் பையன் அப்படியே நின்று, பக்கவாட்டில் திரும்பி விலகட்டும். நீங்கள் ஒன்றும் பேசாமல், தடவாமல், மெதுவாக எழுந்து நில்லுங்கள்; நாய் தானாகத் தரைக்கு வழுக்கி இறங்கும். பிறகு எந்தத் தூரத்தில் நடந்தது என்று குறித்துக்கொண்டு, அடுத்த பயிற்சியை அதைவிட ஒரு மீட்டர் பின்னால் தொடங்குங்கள். எப்போதாவது பல் பட்டுத் தோல் கிழிந்தால், வீட்டு வைத்தியம் போதாது. நாய் நடத்தையில் தேர்ந்த கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

கருத்தடை, காலைத் தூக்கி அடையாளம் வைப்பதைப் பல ஆண் நாய்களிடம் குறைக்கும், ஆனால் அடியோடு நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்கவேண்டாம். பழகிப்போன இடம் பழகிப்போன இடம்தான், டார்ச்சும் நொதித் திரவமும் அப்போதும் வேண்டும். பயத்தாலும் வலியாலும் வரும் உறுமல், பெல் குரைப்பு, தனிமை அழுகை இவற்றுக்கு அது மருந்தாகாது. மிகவும் பயந்த சுபாவம் என்றால் எந்த வயதில் செய்வது என்று மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.


பதில்: மணியோசை

பெல் குரைப்பு ஏன் இவ்வளவு பிடிவாதமானது என்றால், ஒவ்வொரு முறையும் நாய் ஜெயிக்கிறது. பொட்டலம் கொடுக்க வந்தவர் பெல் அடிக்கிறார், இது குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் எப்படியும் போயிருப்பார் என்பது அதற்குத் தெரியாது. நாம் "சும்மா இரு!" என்று கத்துவதும் அதன் காதுக்குக் கூடச் சேர்ந்து குரைப்பதுதான்.

முதல் வேலை, பயிற்சி முடியும்வரை நிஜ பெல்லை நிறுத்தி வைப்பது. இணைப்பைக் கழற்றிவிட்டு, கதவில் "வந்ததும் போன் செய்யவும்" என்று ஒட்டுங்கள். ஒரு பக்கம் பழக்கிக்கொண்டு மறுபக்கம் தினமும் நாலு தடவை பழைய பாடத்தையே நடத்தவிட்டால் பயிற்சி ஏறாது. கதவடிச் சந்தில் ஒரு துணிச் சுருளை வைத்தால் படிக்கட்டுச் சத்தமும் குறையும்.

உங்கள் வீட்டு பெல்லையே போனில் பதிவு செய்யுங்கள். இணையத்தில் கிடைக்கும் வேறு பெல் ஒலி உதவாது. கதவிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஒரு விரிப்பு. ஒலியை அடிமட்டத்தில் வைத்து ஒரு முறை ஒலிக்கவிட்டு, அரை விநாடி கழித்து விரிப்பின்மேல் ஒரு துண்டு. இந்த வரிசையைக் கெடுக்காதீர்கள். கை முதலில் தீனிப்பைக்குள் போய், ஒலி பிறகு வந்தால், நாய் பையைத்தான் கவனிக்கும், பெல் அதற்கு ஒன்றும் சொல்லாது. ஒரு தடவைக்கு ஐந்து ஒலி, நாளுக்கு இரண்டு தடவை. இடைவெளி ஒரே மாதிரி வேண்டாம்: பத்து விநாடி, நாற்பது விநாடி, இருபது. காது மட்டும் துடித்து, நேரே விரிப்பைப் பார்த்தால் ஒலியை ஒரு படி ஏற்றுங்கள். குரைத்தால் இரண்டு படி இறக்குங்கள். முழு ஒலிக்கு வந்த பிறகு வீட்டில் ஒருவர் வெளியே போய் நிஜ பெல்லை அடிக்கட்டும். அதன் பிறகுதான் விருந்தாளி.

விருந்தாளி உள்ளே வரும்போது எட்டுப் பத்துத் துண்டுகளை விரிப்பில் சிதறவிடுங்கள். ஒரே துண்டாகப் பெரிதாகப் போட்டால் ஒரு விநாடியில் விழுங்கிவிட்டு ஓடும். சிதறியதை மோப்பம் பிடித்துத் தேட அரை நிமிடமாவது ஆகும். தலையைக் குனிந்து மோப்பம் பிடிக்கும்போதே பரபரப்பும் இறங்கும். வந்தவர் நாயைப் பார்க்காமல், கை நீட்டாமல், நேரே போய் உட்காரவேண்டும். "ஐயோ எவ்வளவு அழகு" என்று ஆள் குனிவதுதான் பல வீடுகளில் இரண்டாம் சுற்றுக் குரைப்பைக் கிளப்புகிறது.

தண்ணீர் பீய்ச்சுவது, டப்பாவைக் குலுக்குவது, குரைத்தால் அதிர்கிற பட்டை எதுவும் வேண்டாம். பெல் அடித்தால் விருந்தாளியும் வருகிறார், தண்டனையும் வருகிறது என்று நாய் கணக்குப் போட்டால், வெறும் குரைப்பு விருந்தாளிமேல் வெறுப்பாக மாறும்.


பதில்: மெதுநடை

தனிமை பற்றி யாரும் எழுதவில்லை. அது பயமா, சலிப்பா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பழைய போனை வைத்து நீங்கள் கிளம்பிய பிறகு 45 நிமிடம் பதிவு செய்யுங்கள். சலிப்பு என்றால் கொஞ்சம் தூங்கி எழுந்து, சுற்றித் திரிந்து, செருப்பைக் கடிக்கும். பயம் என்றால் பெரும்பாலும் முதல் அரைமணிக்குள்ளேயே தொடங்கும்: கதவருகே நடை, எச்சில் வடிதல், இளைப்பு, ஊளை, வைத்துவிட்டுப் போன தீனியைத் தொடாமல் விடுவது. நீங்கள் எழுதியிருக்கும் பிராண்டலும் ஊளையும் பயத்தின் பக்கம்தான் சாய்கிறது, ஆனாலும் பதிவைப் பாருங்கள்.

பயமாக இருந்தால், அதனால் தாங்க முடிகிற நேரத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிட வேண்டும். அது ஐந்து விநாடி என்றால் ஐந்து விநாடி. சாவியை எடுப்பது, செருப்பு போடுவது போன்ற அறிகுறிகளைத் தனியாகப் பலமுறை செய்துவிட்டு, போகாமல் உட்காருங்கள். பிறகு கதவுக்கு வெளியே 5 விநாடி, 3 விநாடி, 10, 5, 15 என்று ஏற்ற இறக்கத்தோடு. ஏறிக்கொண்டே போனால் நாய் அடுத்தது இன்னும் நீளம் என்று எதிர்பார்த்துப் பதறும். 30 நிமிடத்தைத் தாண்டுவதுதான் கடினம்; அதற்குப் பிறகு நேரம் வேகமாகக் கூடும். இந்த வாரங்களில் தாங்கும் நேரத்துக்கு மேல் தனியாக விடாமல் யாராவது மாற்றி மாற்றி இருக்க ஏற்பாடு செய்யுங்கள். இதைச் செய்யாமல் பயிற்சி மட்டும் செய்தால் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். அப்படியும் தேறாவிட்டால் மருந்துக்குத் தயங்காதீர்கள். ஃபுளுவாக்ஸெட்டின், குளோமிப்ரமைன் இரண்டும் நாயின் பிரிவுப் பதற்றத்துக்குக் கால்நடை மருத்துவர்கள் எழுதுபவை. மனிதருக்கான மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

தீனிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன எல்லாப் பயிற்சிக்கும் தீனி வேண்டும், உங்கள் நாயோ 5.2 கிலோ. ஒரு நாளைக்கு அதற்குத் தேவை ஏறக்குறைய 350 முதல் 400 கிலோகலோரி. பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனி போகக்கூடாது என்றால் 35 முதல் 40. தோல் நீக்கி, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 22 கிராம் அந்த அளவுக்கு வரும். கால் கிராம் துண்டுகளாக, அதாவது பாதிப் பட்டாணி அளவுக்கு, நறுக்கினால் 80, 90 துண்டு கிடைக்கும். ஒரு நாள் பயிற்சிக்கு அது தாராளம். பாலாடைக்கட்டி என்றால் 9 கிராமிலேயே கணக்கு முடிந்துவிடும். காலையிலேயே எடைபோட்டு ஒரு டப்பாவில் வையுங்கள், மூன்று பேரும் அதிலிருந்தே எடுக்கட்டும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிடால் என்ற இனிப்பூட்டி கலந்த எதுவும் கூடாது. இவ்வளவு சின்ன உடம்புக்குக் கொஞ்சமே ஆபத்து.


பதில்: கிணற்றடி

ஒண்ணு விட்டுப்போச்சு. நடைக்குப் போறப்போ லீஷைக் கழுத்துப்பட்டையில மாட்டுறீங்களா? மாட்டாதீங்க. ஷிட்சூ மூக்கு சப்பை, மூச்சு விடவே அதுக்குப் பாடு. பொமரேனியன், யார்க்ஷயர், சிவாவா மாதிரி இனங்கள்ல மூச்சுக்குழாய் தளர்றது சகஜம், வாத்து கத்துற மாதிரி இருமும். கழுத்து இறுகினா எதிர்ல வர்ற நாய் மேலதான் கோபம் திரும்பும். மார்புல ஒய் எழுத்து மாதிரி வர்ற ஹார்னஸ் வாங்கி, பட்டைக்கும் உடம்புக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையற மாதிரி வச்சுக்கோங்க. அக்குள்ல உரசக்கூடாது, உங்க நாய்க்கு அங்கதான் சிக்கு. அதை மருத்துவர் மழிச்சு எடுத்து, தோல் ஆறுற வரைக்கும் ஹார்னஸ் போடாம, பேடை மட்டும் வச்சு ஓட்டுங்க.